வரி ஆபீசில் மாட்டிய பணம்

எல்லாரும் வரியைக் குறைக்க வழி தேடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி மட்டும் சம்பளத்தில் கூடுதலாகப் பிடிக்க வைத்தாள். புத்தி பேதலித்து அல்ல. யார் பணம் கேட்டாலும் இல்லை என்று சொல்லப் புருஷனுக்கு வாய் வராது, அதனால்தான்.

சம்பளம் ஒன்று, ஆள் இரண்டு, பிள்ளை இல்லை. சொந்தக்காரர்களுக்கு இது போதாதா? உங்களுக்கு என்ன செலவு இருக்கு என்று ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளை இல்லாத வீட்டுக்கு வாடகையும் கரண்டும் இலவசம் என்று நினைப்பு போலிருக்கிறது. கொழுந்தன் மாதம் தவறாமல் வருவான். அவன் வாயைத் திறக்கும் முன்பே அண்ணன் கை சட்டைப் பைக்குப் போய்விடும். கடைசி வாரம் இவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வீட்டு வாடகை, இன்சூரன்ஸ், சேமிப்பு என்று வரிச்சலுகை கேட்கும் படிவத்தைக் கம்பெனியில் கொடுக்காமலே விட்டார்கள். மாதாமாதம் வரி அதிகமாகப் போயிற்று. வருஷ முடிவில் கணக்கு எழுதி அனுப்பினால், கூடப் போனது மொத்தமாகத் திரும்பி வரும். வட்டி நஷ்டம்தான். ஆனால் வரி ஆபீசில் போய் எந்தத் தம்பி கைமாற்று கேட்க முடியும்?

கணக்கு எழுதும் அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் அவளுக்கு இன்றும் மனசு குளிரும். தரையெல்லாம் ரசீதைப் பரப்பி இருவரும் தோள் இடிக்க உட்காருவார்கள். கிரீஸ் விரலோடு அவர் எதையாவது எடுத்தால் செல்லமாக ஒரு அடி விழும். மின்விசிறி, தையல் மெஷின், இரும்புக் கட்டில் எல்லாம் அப்படி வந்தவை. யார் கேட்டாலும் பணம் வரி ஆபீசில் மாட்டியிருக்கிறது என்பார். பொய் சொல்லத் தெரியாத மனுஷனுக்கு அந்த உண்மை எவ்வளவு தோதாக இருந்தது!

போன வருஷம் ஓய்வு பெற்றார். பென்ஷன் சின்னது, அதற்கு வரி கிடையாது. கடைசியாகத் திரும்பி வந்த பணம் அவள் பல்லுக்கு என்று முடிவாகியிருந்தது. பாவம், ரொம்ப நாளாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். பணம் வந்த மறுநாளே கொழுந்தன் போன் செய்தான். பழைய பைக்கை மாற்ற வேண்டுமாம்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். ஒளிந்துகொள்ள இனி வரி ஆபீஸ் இல்லை. பல் போனது போனதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

"பணம் இருக்குடா," என்றார் அவர். "ஆனா அது உங்க அண்ணி பல்லுக்கு. உனக்குத் தர முடியாது."

கொழுந்தன் பேசியது போனிலிருந்து அவளுக்கே கேட்டது.

"அண்ணிக்குப் பல் வலியா? சொல்லவே இல்லையே அண்ணே. முதல்ல அதைப் பாருங்க."

போனை வைத்துவிட்டு அவர் கழுத்து வியர்வையைத் துடைத்தார். இவ்வளவுதானா என்பதுபோல அவளைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு முட்டியது. இவ்வளவுதான் என்றால் இத்தனை வருஷம் அரசாங்கத்தை நடுவில் இழுத்திருக்கவே வேண்டாமே. ஆனால் அந்தச் சாயங்காலங்களும் இருந்திருக்காதே என்று தோன்றியதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"இது அப்பவே தெரிஞ்சிருந்தா..." என்று அவர் இழுத்தார்.

"தெரியாம இருந்ததே நல்லதுங்க," என்றாள்.