பக்கத்து வீட்டு விசாரணை

தையல் மிஷின் வாங்கப் பக்கத்து வீட்டு மெகர்பானுவுக்குப் பள்ளிவாசல் ஜமாத்தில் வட்டியில்லாக் கடன் கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்டதும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. காலரா பயத்தில் இராஜபாளையத்தில் ஒருவரும் தெருவில் வாங்கித் தின்னாத வருஷம் அது. அவளுடைய இடியாப்ப வியாபாரமும் என் இட்லி வியாபாரமும் சேர்ந்துதான் படுத்தன. அவளுக்கு மட்டும் கைதூக்கிவிட ஆள் இருக்கிறது. நானோ வாரவட்டிக்காரன் தலையைக் கண்டாலே கதவைச் சாத்துகிறேன்.

கடன் கொடுக்குமுன் பக்கத்து வீட்டில் விசாரிப்பது அவர்கள் வழக்கம். ஜமாத்துக்காரர் காதர் ராவுத்தர் என் வாசலுக்கு வந்தார்.

"தாயி, மெகர்பானுட்ட நகைநட்டு ஏதும் இருக்கா? இருந்தா, இல்லாதவகளுக்குத்தான் மொதல்ல கொடுக்கணும்."

"ரெண்டு பவுன்ல வளையல் வச்சிருக்காளே" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

அந்த வளையல் அடகுக் கடையில் கிடந்தது. போன மாதம் என் வீட்டுக்காரர் குருசாமிக்கு வாந்திபேதி கண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அவள்தான் கழற்றிக் கொடுத்தாள். "அடுத்தவ நகையில பொழைச்சோம்னு தெரிஞ்சா அவிய நாண்டுக்கிடுவாக. யார்ட்டயும் சொல்லிராதட்டி" என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சியதும் நான்தான்.

ராவுத்தர் போனதும் மனசு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், அன்றைக்குச் சோறுகூட ருசியாக இறங்கியது.

மூன்றாம் நாள் மெகர்பானு அழுத முகத்தோடு வந்தாள்.

"கடன் இல்லேன்னுட்டாகக்கா. எங்கிட்ட வளையல் இருக்குன்னு எவளோ சொல்லியிருக்கா. நெசமான்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன். வேற என்னத்தச் சொல்ல? அடகுல கெடக்குன்னா எதுக்குன்னு கேப்பாகள்ல. உனக்கு வாக்குக் குடுத்திருக்கேன்லக்கா."

அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் தெருவையே கூட்டியிருப்பேன். இப்படி ஒரு மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்று என் மேலேயே ஆத்திரமாக இருந்தது. உள்ளே கட்டிலில் குருசாமி முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். கேட்டால் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"எவளோ இல்லட்டி, நான்தான் சொன்னேன். கெளம்பு. அவிய ஆஸ்பத்திரிச் செலவுக்கு அடகு வச்சதையும் ராவுத்தர்ட்ட நானே வந்து சொல்லுதேன்."

மெகர்பானு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

"நீங்க வர வேணாம்" என்றாள். "வளையல மட்டும் மீட்டுக் குடுத்துருங்க."