வாயை மூடிச் சிரித்தவர்

தேயிலைக் கம்பெனியின் நீண்ட மேசையில் தேநீர்க் கிண்ணங்கள் வரிசையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ருசி பார்ப்பவர் கரண்டியில் அள்ளி, வழக்கம்போல் காற்றோடு சேர்த்து 'சர்ர்' என்று உறிஞ்சினார். முன்பல்லில் கிளம்பிய வலி காது வரைக்கும் சுண்டி இழுத்தது. கரண்டி கைநழுவி விழுந்தது.

"என்னண்ணே, அவ்வளவு மோசமான தூளா?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"சூடு," என்று சமாளித்தார். காற்றோடு உறிஞ்சாமல் ருசி பிடிபடாது. ருசி பிடிபடாதவருக்கு இந்த அறையில் என்ன வேலை? மிச்சக் கிண்ணங்களுக்கு நிறத்தைப் பார்த்தே குத்துமதிப்பாக மார்க் போட்டார்.

எல்லாம் அந்தப் புகைப்படக்காரரால் வந்த வினை. அலுவலகக் குழுப் படத்தின்போது, "சார், நீங்க மட்டும் வாயை மூடிட்டு சிரிங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தேநீரிலேயே பழுப்பேறிய பல் அது. மறுநாளே இவர் ஓர் அழகு நிலையத்துக்குப் போய்ப் பல்லை வெளுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது மாடிப்படியில் ஒதுங்கி அந்த அழகு நிலையத்துக்குப் போன் செய்தார்.

"அப்படித்தான் சார் இருக்கும். பல்லைக் கடிச்சிட்டு ரெண்டு நாள் பொறுத்துக்குங்க."

கடிக்க முடிந்தால் அவர் ஏன் போன் செய்யப் போகிறார்!

வீட்டில் தண்ணீர் குடிக்கவே பயந்தார். பல்லெல்லாம் உள்ளுக்குள் கரைவதுபோல் தோன்றியது. வாய் திறந்தால் காற்று பட்டது. அதனால் பேசவும் இல்லை.

"என்மேல கோவமா?" என்றாள் மனைவி.

உதட்டைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார். "பல்லு கூசுது. வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?" என்று அவரைப் பல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"வெளுக்கறதுக்கு முன்னாடி உங்க பல்லை யாராச்சும் சோதிச்சாங்களா?" என்று கேட்டார் மருத்துவர்.

"எவ்வளவு மஞ்சள்னு பாத்தாங்க."

முன்பல்லில் மெல்லிய விரிசல் இருந்தது. வெளுக்கும் மருந்து அதன் வழியே உள்ளே இறங்கியிருந்தது.

"பல் கூச்சம் பலருக்கும் வரும், சில நாள்ல அடங்கிடும். உங்களுக்கு இந்த விரிசலை அடைக்கணும். திரும்பவும் வெளுத்திருந்தா பல்லே போயிருக்கலாம்."

அவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

விரிசல் அடைபட்டு, கூச்சமும் அடங்கி வேலைக்குத் திரும்பியதும், குத்துமதிப்பாக மார்க் போட்ட தூளையெல்லாம் மறுபடி வரவழைத்தார். கண்ணை மூடிக்கொண்டு முதல் கரண்டியை உறிஞ்சினார். வலிக்கவில்லை. ருசி நாக்கில் வந்து உட்கார்ந்தது.

பக்கத்து மேசைக்காரர் நைசாக அருகில் வந்தார். "அண்ணே, பல்லு பளபளன்னு இருக்கே. எந்தக் கடைல வெளுத்தீங்க? போட்டோக்காரர் என்னையும் ஒரு மாதிரிதான் பாத்தாரு."

"முதல்ல பல் டாக்டரைப் போய்ப் பாரு. வெளுக்கலாமா வேண்டாமான்னு அப்புறம் யோசி. நாலு பேர் சிரிச்சாங்கன்னு யார்கிட்டயோ பல்லைக் குடுத்தேன். வலிச்சப்பவும் பயந்து வாயை மூடிக்கிட்டேன். தப்புப்பா. வலிச்சா பல்லைக் கடிச்சிட்டுப் பொறுக்கக் கூடாது, வாயைத் திறந்து சொல்லணும்."