கழற்றாத தாயத்து

புறக்கோட்டையில் குண்டு வெடித்த அன்று கௌரிக்கு எக்ஸ்ரே பயிற்சியில் இரண்டாம் வருடம். காலையிலிருந்து காயக்காரரை ஆஸ்பத்திரிக்கு வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். கால் போனவர்கள், முகமெல்லாம் கண்ணாடி ஏறியவர்கள். வெள்ளவத்தையிலிருந்து மடிப்புக் கலையாமல் உடுத்திவந்த வெள்ளைச் சீருடை மத்தியானத்துக்குள் இறைச்சிக்கடைக்காரன் சட்டை மாதிரி ஆகிவிட்டது.

பிறகு பொலிஸ் இருளப்பனை இழுத்துவந்தது. முகத்துவாரத்தில் குடியிருந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மலைநாட்டுத் தமிழ் ஆள். வெடிச்சத்தம் கேட்டு ஓடியதுதான் அவன் செய்த குற்றம். ஓடாமல் நிற்க அவனென்ன சிலையா? சனம் பிடித்து முகத்தைக் கிழித்திருந்தது. அவன் எதையும் விழுங்கி ஒளித்திருக்கிறானா என்று நெஞ்சையும் வயிற்றையும் படமெடுத்துப் பார்க்க வேண்டுமாம். இடுப்பைத் தடவிப் பார்த்த புத்திசாலிகள் கழுத்தை விட்டுவிட்டார்கள்.

கதிர் பாய்ச்சும்போது அறையில் வேறு ஆள் நிற்கக்கூடாது. பட்டால் பிள்ளை பிறக்காது என்று யாரோ சொல்லிவைத்திருந்ததால் அவனைக் கொண்டுவந்த சார்ஜன்ட்தான் முதலில் வெளியே பாய்ந்தார்.

இருளப்பனின் சட்டைக்குள் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து தொங்கியது. உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது என்பது முதல் வருடப் பாடம்.

"இதைக் கழட்டுங்கோ."

"வேணாம்மா. பொஞ்சாதிக்கு இது நெறமாசம். புள்ள பொறக்கிற வரைக்கும் அவுக்கக் கூடாதுன்னு பூசாரி மந்திரிச்சுக் கட்டுனாரு."

மந்திரித்த கயிற்றை வெட்ட அவளுக்கும் கை வரவில்லை. வெளியே நாற்பது பேர் காத்துக் கிடந்தார்கள். "சரி, முதுகுப் பக்கம் தள்ளிவிடுங்கோ" என்றாள். எலும்பையே ஊடுருவிப் பார்க்கிற கதிர் முதுகுக்குப் பின்னாலிருக்கும் தாயத்தைப் பாராமல் விடுமா? படித்த பிள்ளைக்கு அந்த நேரம் அது தோன்றவில்லை.

இருட்டறையிலிருந்து வந்த படம் ஈரம் சொட்டியது. நெஞ்சின் நடுவே விரல்நுனி அளவில் வெள்ளைக் குழல் ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

"சயனைட் குப்பி!" என்று எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினார் சார்ஜன்ட். பிடிபட்டால் கடித்துச் சாக இயக்கக்காரர் கழுத்தில் கட்டிக்கொள்ளும் நஞ்சு அது.

கௌரி வாயைத் திறப்பதற்குள் இருளப்பன் மேசையிலிருந்து இழுபட்டு நிலத்தில் கிடந்தான். சப்பாத்து நெஞ்சில் ஏறியது. சட்டையைக் கிழித்து, முதுகில் கிடந்த கயிற்றைக் கண்டதும் வெறி இரட்டிப்பானது. ஒளித்தல்லவா வைத்திருக்கிறான்! துவக்குப் பிடியால் விலாவில் இடித்தார்கள். ஏதோ நொறுங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

"அடியாதேங்கோ! நான்தான் பின்னால தள்ளச் சொன்னனான்!" பதற்றத்தில் தமிழில் கத்திவிட்டு, பிறகு அதையே சிங்களத்தில் கத்தினாள்.

"நீயும் தமிழாடி?" சார்ஜன்ட் கன்னத்தில் விட்ட அறையில் கௌரி சுவரோடு மோதினாள். பிறகு அவர் தாயத்தைச் சப்பாத்தால் நசுக்கினார். சுருட்டிய செப்புத் தகடும் கொஞ்சம் திருநீறும் வெளியே வந்தன.

"இன்னொரு படம் எடு" என்றார், ஒன்றும் நடவாதவர் போல.

எடுத்தாள். மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். இருளப்பனால் முடியவில்லை. இரண்டாவது படத்தில் குழல் இல்லை. இடப்பக்க விலா எலும்புகள் மூன்று முறிந்து உள்ளே குத்தி நின்றன.

இருட்டறையில் படம் கழுவிவிட்டு வந்த பொறுப்பான டெக்னீசியன் சவுந்தரநாயகம் அவள் காதோடு கதைத்தார். "முதல் படம் பழுது. குப்பைக்குள்ள போடும் பிள்ளை. அடுத்த மாசம் உமக்குச் சோதனை எழுத இருக்கு. அதோட, நீர் விட்ட பிழையும் அதிலதான் இருக்கு."

அவர் கெட்டவரில்லை, பயந்தவர். கௌரிக்கும் பயம்தான். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. இரண்டு படங்களையும் வெளிச்சப் பெட்டியில் பக்கம் பக்கமாக மாட்டினாள்.

டொக்டர் வந்து முறிந்த எலும்புகளைப் பார்த்தார். "சனம் அடித்தது" என்றார் சார்ஜன்ட்.

"சனம் அடித்த பிறகு எடுத்தது இது, டொக்டர்." கௌரி சிங்களத்தில் சொல்லி முதல் படத்தைத் தொட்டுக் காட்டினாள். "இதில் தாயத்தைக் கழற்றாதது என் பிழை. ஆனால் ஒரு எலும்பும் முறியவில்லை. மற்றது, இவர்கள் உள்ளே வந்த பிறகு எடுத்தது."

டொக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இருளப்பனை உடனே வார்டில் சேர்க்கச் சொன்னார். பொலிஸோடு அனுப்ப முடியாது என்றார்.

தள்ளுவண்டி வாசலைத் தாண்டியதும் சார்ஜன்ட் கௌரியிடம் கையை நீட்டினார்.

"உன் அடையாள அட்டையை எடு."