பெயர் மறைத்த மண்டபங்கள்

ஹில்க்காவின் காது ஹெல்சிங்கி முழுக்கப் பேர்போனது. ஒரு தரம் கைதட்டிப் பார்த்தே மண்டபத்தின் குறை நிறையைச் சொல்லிவிடுவாள் என்பார்கள். அந்தத் தலைக்கனத்தில்தான் துறைமுக மண்டபத்தைப் பற்றி, 'இசையைச் சேற்றில் முக்குகிறார்கள்' என்று பத்திரிகையில் எழுதினாள். அதன் ஒலியமைப்பைச் செய்த ஏஸ்கோ அவளோடு ஒன்றாகப் படித்தவன். மண்டபத்தை இடித்துவிடலாமா என்று முடிவுசெய்ய நகரசபை கூட இருந்தது. இரண்டு பேரையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம்.

அதற்கு முந்தைய நாள் ஆய்வுக்கூடத்தில், அவளிடம் படித்த மீர்வா நடத்திய சோதனைக்குப் போனாள். எதிரொலியே எழாதபடி சுவரெல்லாம் பஞ்சு அடைத்த அறை. இருட்டில் உட்கார்ந்து, ஒரே இசை நான்கு மண்டபங்களில் எப்படி ஒலிக்கிறது என்று கேட்டு மதிப்பெண் போட வேண்டும். எது எந்த மண்டபம் என்று சொல்லமாட்டார்கள்.

மூன்றாவதைக் கேட்டதும் ஹில்க்காவுக்கு மனம் குளிர்ந்தது. அவளே ஒலியமைப்புச் செய்த பூங்கா மண்டபம்தான், சந்தேகமே இல்லை. பெற்றவளுக்குப் பிள்ளையின் குரல் தெரியாதா? பத்துக்குப் பத்து போட்டாள். முதலாவதற்கு இரண்டு. 'ஏஸ்கோ, பாவம்' என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மீர்வாவிடம் விடையைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். மூன்றாவது, துறைமுக மண்டபம். முதலாவது, பூங்கா மண்டபம்.

காதுமடல் வரை சூடேறியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"என் மார்க்கை எடுத்துடு, மீர்வா. எனக்குச் சளி."

"விலகறவங்ககிட்ட காரணம் கேக்கக்கூடாதுன்னு விதி. நீங்க எழுதின விதிதான்" என்று சொல்லிவிட்டு மீர்வா அழித்தாள்.

காப்பி அறையில் ஏஸ்கோ ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். காலையிலேயே சோதனையை முடித்திருந்தான்.

"விடை பாக்காமலே வந்துட்டேன். பாக்கணுமா என்ன? முதலாவது என்னோடது. தகர டப்பாவைத் தட்டின மாதிரி இருந்துச்சு. நீ எழுதின நாள்லேருந்து அந்த மண்டபத்துல நான் காலே வைக்கல, உன்மேல அவ்வளவு கோபம். இன்னிக்குத்தான் புரிஞ்சுது, நீ சொன்னது சரி. நாளைக்கு நானே இடிக்கச் சொல்லிடறேன். உனக்கு எதுக்குச் சங்கடம்?"

உனக்கு எதுக்குச் சங்கடமாம். ஹில்க்கா கூனிக் குறுகி உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஊருக்குத் தெரியாது. அப்படி ஒரு நினைப்பு வந்ததே, அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

"மூணாவதுக்கு என்ன போட்டே?"

"ஒன்பது. உன்னோடதாச்சே. பொறாமையில ஒண்ணு குறைச்சுட்டேன்."

"அது உன்னோடது, ஏஸ்கோ. நான் பத்து போட்டேன். போட்டுட்டு அழிக்கச் சொல்லிட்டேன். தகர டப்பா என்னோடது. நாளைக்கு நகரசபையில இதைச் சொல்லிடறேன்."

திட்டுவான், இல்லையென்றால் சிரிப்பான் என்று காத்திருந்தாள். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"என் பொண்ணு அந்த மண்டபத்து மேடையிலதான் முதல் தடவை வயலின் வாசிச்சா" என்றான். "நான் போகல."