கூட்டிய வெளிச்சம்

சுவிட்சைத் தட்டியதும் கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பல்புகள் எரிந்தன. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முதல் கூண்டில் ஒரு கோழி கழுத்தை நீட்டி மெல்ல முனகியது. அதைக் கேட்டு அடுத்தது, அதற்கடுத்தது என்று அந்த முனகல் வரிசை வரிசையாக நடந்து போய்க் கடைசிக் கூண்டில் நின்றது. வெளியே நல்ல இருட்டு. நாமக்கல் பக்கம் எந்தப் பண்ணையிலும் இன்னும் விளக்கு எரியவில்லை. நந்தகுமார் கதவோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, “எந்திரிச்சிருப்பா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

எழுந்திருக்க வேண்டியவள் அவன் மனைவி தனப்பிரியா. ராஜஸ்தானத்தில் மத்தியப் படையின் பயிற்சி முகாமில் இருக்கிறாள். ஊர் அதை மிலிட்டரி என்றுதான் சொல்கிறது. அங்கே இருட்டோடு விசில் ஊதிவிடுவார்களாம். அதைக் கேள்விப்பட்ட நாள் முதல் அவன் பண்ணை விளக்கைத் தினமும் கொஞ்சம் முன்னதாகப் போட ஆரம்பித்தான். யாரும் சொல்லவில்லை, யாரிடமும் கேட்கவுமில்லை. நகர்த்தி நகர்த்திக் கடைசியில் அவள் விசிலும் இவன் சுவிட்சும் ஒரே நேரத்துக்கு வந்து சேர்ந்தன. அதன் பிறகு அவனுக்கு இரண்டு ஊரிலும் வாழ்வது போல இருந்தது. கோழிகள் தீவனத்தைக் கொத்தும்போது அவள் பூட்ஸ் கயிறு கட்டுவாள். முட்டைகள் கம்பிச் சரிவில் உருண்டு வரும்போது அவள் மணலில் ஓடிக்கொண்டிருப்பாள். சில நாள் தீவன வண்டியைத் தள்ளும்போது காலடியில் மணல் நெறிபடுவது போலக்கூட இருக்கும். குனிந்து பார்த்தால் சிந்திய மக்காச்சோளம்.

அவளை ஓடப் பழக்கியதே இவன்தான். தேர்வு எழுதிவிட்டு, “ஓட்டத்துல தேறோணுங்க” என்று அவள் பயந்தபோது, “நானிருக்கறேன் வா” என்று விடிகாலையில் வாய்க்கால் மேட்டு ரோட்டுக்குக் கூட்டிப் போனான். அங்கே தெருவிளக்கு கிடையாது. அவள் முன்னால் ஓட, இவன் பின்னால் டிவிஎஸ்ஸை மெதுவாக உருட்டிக்கொண்டு விளக்கடிப்பான். அவள் நிழல் அவளுக்கு முன்னால் நீளமாக ஓடும். அவள் அதைத் துரத்துவாள், இவன் அவளைத் துரத்துவான். தானே விளக்குப் பிடித்து அனுப்பிவிட்டு இப்போது யாரை நோவது? டீக்கடையில், “பொண்டாட்டி துப்பாக்கி புடிக்கறா, நீ முட்டை பொறுக்கற” என்று சிரிக்கிறார்கள். அதெல்லாம் அவனுக்கு உறைக்கவே இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கொடியில் அவள் துண்டு தொங்குகிறதே, அதுதான் உறைக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் அழுதுவிட்டாள். வாரத்தில் அன்றைக்கு மட்டும்தான் போனைக் கையில் கொடுப்பார்கள். காலெல்லாம் கொப்புளம், சப்பாத்தி இறங்கவில்லை, இந்தி புரியவில்லை. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், “வந்துருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எழுதிக் குடுத்துட்டு வந்தர்றேன்” என்றாள். அந்த வார்த்தை அவன் நாக்கு நுனியில்தான் இருந்தது. இருந்தும், “அடுத்த வாரம் சொல்றேன்” என்று வைத்துவிட்டான்.

அந்த வாரம் முழுக்க அவன் அதைச் சுமந்து திரிந்தான். அம்மா பெருமாயி சோறு போடும்போதெல்லாம், “வரச் சொல்லு சாமி, அங்க கெடந்து எதுக்குச் சீரழியோணும்” என்றாள். அவனுக்கும் அதே ஆசைதான். ஆனால் தேர்வான நாளில், நெஞ்சில் குத்திய நம்பர் அட்டையைக் கழற்றாமலே பஸ்ஸில் அவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தவளும் இதே தனம்தான். எந்தத் தனத்துக்குப் பதில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை முதலாளி சின்னுசாமி வந்தார். “ஏம்ப்பா நந்தா, விடியறதுக்குள்ள முட்டை உருளுது? என்ன பண்ணி வெச்சிருக்கற?”

“லைட்டக் கொஞ்சம் முன்னாலயே போட்டுட்டனுங்க.”

“எதுக்கு?”

அவன் குனிந்து, உருண்டு வந்த முட்டையை எடுத்து அட்டையில் வைத்தான். அவர் அவன் முகத்தைப் பார்த்தார். “சரி, கூட்டுனது கூட்டியாச்சு. இனிக் கொறைச்சுப் போடாத. வெளிச்சம் கொறைஞ்சா கோழி முட்டைய நிறுத்திப்போடும்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஞாயிறு மத்தியானம், கொட்டகைக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றிருந்தபோது போன் அடித்தது.

“சாப்டீங்களா?”

“ஆச்சு. காலு எப்படி இருக்குது?”

“புதுத் தோலு வருதுங்க.” அப்புறம் சின்னக் குரலில், “சொல்றேன்னீங்களே?” என்றாள்.

வா என்பதையும் இரு என்பதையும் அவன் வாரமெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தான். இப்போது இரண்டும் வரவில்லை.

“தனம், இங்க லைட்டு நேரத்த மாத்திட்டேன். நீ எந்திரிக்கறப்பத்தான் போடறேன்.”

அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது.

“பாவமுங்க கோழி. எனக்கு விசில் ஊதுனா அதெதுக்கு எந்திரிக்கோணும்?”

“நானுந்தான் எந்திரிக்கறேன்.”

“ஓனரு வையலீங்களா?”

“கொறைக்காதன்னாரு.”

“ஆமா, கொறைக்கக் கூடாது” என்றாள், அவனிடம் சொல்வது போல இல்லை. கல்யாணமான புதிதில் அவளும் இதே கொட்டகையில் முட்டை எடுத்தவள்தான், அந்தக் கணக்கு அவளுக்கும் தெரியும். அவளுக்குப் பின்னால் யாரோ இந்தியில் அதட்டினார்கள். “நாளைக்கும் போடுவீங்களா?” என்று அவசரமாகக் கேட்டாள்.

“போடுவேன்.”

“சரிங்க. வெக்கறேன்.”

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. அந்த ‘சரிங்க’வை அவன் ராத்திரி வரை புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

மறுநாள் விளக்கைப் போட்டான். முனகல் கடைசிக் கூண்டு வரை போய்ச் சேர்ந்தது. வழக்கம்போல் கதவோரம் நிற்காமல், டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மேட்டு ரோட்டுக்குப் போனான். பனி இறங்கியிருந்தது. பக்கத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஆளில்லாத ரோட்டில் விளக்கு வெளிச்சம் அவனுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அவள் ஓடும் வேகத்துக்கு மேல் அவன் வண்டியை முறுக்கவில்லை.