ஸ்டிக்கை மாற்றியவன்

ஷர்லி அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திய அன்று ஆய்வகத்தில் எனக்கு மட்டும் டீ வரவில்லை. நானும் பெரிய மானஸ்தன், கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்மேல் என்ன பழி விழுந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்திருக்கும்.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் இன்ஜினியரிங் கல்லூரி. அங்கே கணினி நினைவகப் பாதுகாப்பில் ஆராய்ச்சி செய்பவர்கள் இரண்டே பேர். சீனியர் ஷர்லி அக்கா, ஜூனியர் நிலவழகனாகிய நான். இரண்டு பேருக்கும் கைடு உடையப்பன் சார்.

அக்காவின் ஆராய்ச்சி இதுதான். கணினிக்குள் மெமரி ஸ்டிக் என்று ஒரு சின்னப் பட்டை இருக்கும். அதில் தகவல்கள் ஒன்று, பூஜ்யம் என்ற எண்களாக வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒரே வரிசையை விடாமல் படித்துத் தட்டிக்கொண்டே இருந்தால் பக்கத்து வரிசையில் இருக்கும் ஒன்று பூஜ்யமாகிவிடும். அடுத்த வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க, நம் வீட்டுப் படம் கீழே விழுகிற மாதிரி. இதை வைத்தே பூட்டிய கணினிக்குள் ஒருவன் நுழைந்துவிட முடியும். அதைத் தடுக்கத்தான் அக்கா ஒரு மென்பொருள் எழுதி, கட்டுரையும் அனுப்பியிருந்தார்.

கட்டுரையைப் படித்த வெளியூர் நிபுணர்கள், அதே கணினியில் சோதனையை இன்னொரு முறை நடத்திக் காட்டச் சொன்னார்கள். அக்கா நடத்தினார். தடுப்பை எடுத்துவிட்டுத் தட்டியும் ஓர் இடம்கூட மாறவில்லை. நோயே வராவிட்டால் மருந்தை யார் நம்புவார்கள்? கட்டுரை கைவிட்டுப் போகும். பழைய முடிவுகளையும் சோடித்தார் என்ற கெட்ட பெயர் அக்காவுக்கு மிஞ்சும்.

அந்தக் கணினியின் பாஸ்வேர்டு அக்காவையும் சாரையும் விட்டால் என்னிடம்தான் இருந்தது. போதாததற்கு, அந்தத் தடுப்பில் ஓட்டை இருக்கிறது என்று செமினாரில் எல்லார் முன்னாலும் வாய்நீளம் காட்டியவனும் நானே.

சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“அக்கா கம்ப்யூட்டர்ல எதையாச்சும் நோண்டுனியா தம்பி? சொல்லிரு, நமக்குள்ளயே முடிச்சுக்குவோம்.”

“நான் தொடவே இல்ல சார்.”

“அப்ப தானா மாறிக்கிருச்சா?”

மறுநாள் என் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. ஆராய்ச்சிக் கமிட்டி கூடி விசாரிக்கும், பிஎச்டி பதிவையே ரத்து செய்தாலும் செய்வார்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். இலுப்பூரில் இருக்கும் அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில் எனக்கும் ஒரு சந்தேகம் தட்டியது. அக்காவின் பழைய முடிவுகளே பொய்யாக இருந்தால்? மாட்டிக்கொண்டதும் பழியை என் தலையில் கட்டுகிறாரோ?

கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. ஒரே ரகமானாலும் சில ஸ்டிக்குகளில்தான் பலவீனமான இடங்கள் இருக்கும், அவையும் ஸ்டிக்குக்கு ஸ்டிக் வேறு வேறு. எப்போது தட்டினாலும் பெரும்பாலும் அதே இடங்கள்தான் மாறும், ஒருவரின் கைரேகை மாதிரி. அக்காவின் முதல் சோதனையில் மாறிய இடங்கள் கட்டுரையிலேயே இருந்தன. அப்படியொரு ஸ்டிக் நிஜமாகவே இருந்தால், அக்காவின் கணினியில் இல்லாவிட்டாலும் ஆய்வகத்தில் வேறு எதிலாவது அது கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அக்காதான் பொய்.

நேரே போய்க் கேட்டேன். “ஒங்க சோதனைய இங்கிட்டு இருக்க எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓட்டிப் பாப்போமாக்கா?”

“எதுக்கு?”

“ஒங்க ரிசல்ட் நெசமான்னு பாக்கத்தான்.”

அக்காவின் முகம் கறுத்துவிட்டது. “ஓட்டு. நானும் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். ஒன்னத் தனியா விட்டுட்டுப் போற மாதிரி இல்ல.”

ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடியே ஒவ்வொரு கணினியாக ஓட்டினோம். எதிலும் ஒன்றும் மாறவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் பார்த்தால் அக்கா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நான் பாத்தேன்டா. என் கண்ணால பாத்தேன்,” என்றார். பொய் சொல்கிறவர் குரல் இல்லை அது. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அப்போதுதான் ஆயுதபூஜை ஞாபகம் வந்தது. எங்கள் ஆய்வகத்தில் வெறும் பொட்டு வைப்பதோடு பூஜை முடியாது. எல்லாக் கணினிகளையும் திறந்து, தூசி ஊதி, மெமரி ஸ்டிக்குகளைக் கழற்றி, அவற்றின் தங்கநிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்வோம். தேய்த்ததையெல்லாம் நியூஸ் பேப்பரில் பரப்பி, பொரிகடலையோடு சாமி படத்துக்கு முன்னால் வைப்போம். படைத்து முடித்ததும் சார்தான் தன் கையால் எல்லாவற்றையும் திரும்ப மாட்டுவார். இந்த வருஷம் தன் அறைக் கணினியையும் பூஜைக்குத் தூக்கி வந்திருந்தார். எல்லாம் ஒன்றாக வாங்கிய ஒரே ரகம். எது எதனுடையது என்று யாரும் அடையாளம் வைக்கவில்லை. அக்காவின் முதல் சோதனை பூஜைக்கு முந்தியது, இரண்டாவது பிந்தியது.

“சார் ரூம்ல பாக்கலியேக்கா,” என்றேன்.

சார் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். ஓட்டிய கொஞ்ச நேரத்திலேயே திரையில் ஓர் இடம் மாறியது. அக்காவின் கட்டுரையில் இருந்த அதே இடம். அடுத்ததும் அப்படியே. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சிரு நிலவா.”

“நானும் ஒங்களத்தான்க்கா சந்தேகப்பட்டேன்.”

இருவரும் சிரித்துவிட்டோம். சார் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கமிட்டி கூடிய அன்று அக்கா தானாகவே எழுந்து நின்றார். “நிலவழகன் மேல தப்பில்லங்க. பூஜையில ஸ்டிக்கு மாறிப்போச்சு. திரும்ப மாட்டுனது சார்.”

எல்லாரும் சார் பக்கம் திரும்பினார்கள். யாரோ லேசாகச் சிரிக்கவும் செய்தார்கள். சார் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தபோது அவர் முகத்தில் கோபமே இல்லை.

“மாட்டுனது நான்தான், இல்லேங்கல. ஒவ்வொண்ணா எடுத்து என் கையில குடுத்தது யாரு?”

“நான்தான் சார்.”

“சரி. என் ரூம்ல தேடணும்னு இங்க ஒருத்தருக்கும் தோணல. ஒனக்கு மட்டும் எப்படித் தம்பி தோணுச்சு?”

“பூஜைக்கு ஒங்க கம்ப்யூட்டரும் வந்திருந்துச்சுல்ல சார்.” உண்மையைத்தான் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே திருட்டுக் குரலாகக் கேட்டது.

“நல்லாத்தான் ஞாபகம் வச்சிருக்க,” என்றார் சார்.

சார் பக்கம் திரும்பியிருந்தவர்கள் எல்லாரும் இப்போது என் பக்கம் திரும்பினார்கள். அக்கா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று அவரையே பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.