மூன்று பக்கம்

பல்கலைக்கழகப் புகார்க் குழுவில் சுருக்கெழுத்து எடுப்பவளுக்குப் பதினெட்டு வருடப் பழக்கம். கை ஓடும், மனம் அதுபாட்டுக்கு வீட்டில் இருக்கும். ஆனால் அந்த ஆராய்ச்சி மாணவி பேசிய அன்று மனமும் கையோடு சேர்ந்து ஓடியது. பேராசிரியர் ஆய்வுக்கூடத்தை உள்ளே தாழிட்டது, தான் திமிறியது, செருப்பில்லாமல் விடுதிக்கு நடந்தது என்று சொட்டுக் கண்ணீர் விடாமல் அந்தப் பெண் சொல்லி முடித்தாள்.

தட்டச்சான மூன்று பக்கத்தையும் பதிவாளர் படித்தார்.

"பலாத்காரம்னு போட்டா ஊரே சிரிக்கும். 'முறையற்ற நடத்தை'ன்னு மாத்துங்க. அந்தக் கதவு சமாச்சாரம் வேண்டாம்."

மாற்றினாள். மூன்று பக்கம் ஒன்றாயிற்று. கையெழுத்துப் போட வந்த பெண், பேனாவைப் பிடித்தபடி கேட்டாள்: "நான் சொன்னதெல்லாம் இருக்கா அக்கா?"

"இருக்கும்மா."

படிக்காமலே போட்டாள். பேராசிரியருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் போனது. அந்தப் பெண் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போனாள்.

அதன் பிறகு அந்தக் குரல் இவளை விடவில்லை. பேருந்தில் பின்னிருக்கையிலிருந்து கேட்டது. அரிசி களையும்போது காதோரம் கேட்டது. மகள் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டாலே இவள் போய்க் கதவைத் தட்டினாள்.

"யார்கிட்டடி தனியா பேசற?" என்றான் கணவன்.

"யார்கிட்டயும் இல்ல."

இரண்டு வருடம் கழித்து இன்னொரு மாணவி வந்தாள். அதே பேராசிரியர், அதே தாழ்ப்பாள். பதிவாளரும் அதே பழைய வார்த்தையைத்தான் சொன்னார். "'முறையற்ற நடத்தை'ன்னு போடுங்க."

இவள் தட்டச்சிலிருந்து கையை எடுத்தாள். "அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லல சார்."

"நீங்க எழுதற ஆள். யோசிக்கற ஆள் இல்ல."

"சொன்னதைத்தான் சார் எழுதியிருக்கேன்."

முழு வாக்குமூலத்தையும் அந்த மாணவியிடம் நீட்டினாள். "ஒரு வரி விடாம படிச்சிட்டுக் கையெழுத்துப் போடும்மா." பிறகு, முதல் பெண்ணின் வாக்குமூலத்தைத் தான் வெட்டியதையும் எழுதிக் குழுவுக்குக் கொடுத்தாள், அந்த முதல் பெண்ணுக்கே தொலைபேசியிலும் சொன்னாள். சொல்லி முடித்ததும் மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

வெளியாட்களை வைத்து விசாரணை நடந்தது. முதல் பெண்ணும் வந்து சாட்சி சொன்னாள். பேராசிரியருக்கு வேலை போயிற்று. பதிவாளருக்கு ஒன்றும் ஆகவில்லை; இவளைத்தான் சான்றிதழ்ப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

முதல் பெண் சாட்சி சொன்ன அன்று நடைபாதையில் இவள் காத்து நின்றாள். வெளியே வந்த பெண் ஒரு கணம் நின்றாள்.

"அந்த ஆளு மாட்டணும்னு வந்தேன். உங்கள மன்னிக்க வரல."

"தெரியும்மா."

அவள் படியிறங்கிப் போனாள். அந்தச் செருப்புச் சத்தம் தேய்ந்து மறையும்வரை இவள் அங்கேயே நின்றாள்.